தொடையில் போடாத ஊசி

இந்த ஜெர்மனி ஊரில் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு "குட்டன் டாக்" சொல்லிவிட்டு உட்கார்கிறார்கள். அதன்பின் கப்சிப். எங்கள் ஆரணியில் யாரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள், "யாருக்கு என்னங்க?" என்று கேட்டு, நாம் உள்ளே போவதற்குள் வைத்தியமே சொல்லி முடித்துவிடுவார்கள். நான்கு வருடமாகியும் அந்தக் கேள்விக்கு ஏங்குகிறேன். மகளின் ரத்த முடிவுக்காகக் காத்திருந்த அன்று யாராவது கேட்டிருந்தால் அழுதே இருப்பேன்.

வேலைக்கான பரிசோதனையில் என் கணவருக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றலாம் என்பதால் ஐந்து வயது மகள் மதியையும் சோதிக்கச் சொன்னார்கள். எல்லாத் தடுப்பூசியும் ஆரணியிலேயே போட்டாயிற்று என்று பெருமையாகக் கார்டை நீட்டினேன். ரத்தம் வேறு சொன்னது. கிருமி இல்லை, ஆனால் அதைத் தடுக்கும் சக்தியும் போதவில்லை. சில குழந்தைகளுக்கு ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. குறைமாதம், உடல்வாகு, ஊசி போட்ட இடம் என்று காரணம் பல இருக்கலாம் என்றார் டாக்டர். "தொடையில்தானே போட்டார்கள்?"

"யா, யா" என்று ஆமாம் போட்டேன். அவரும் எழுதிக்கொண்டார். சொன்னது பொய்.

ஆரணியில் தொடையில் வேண்டாம் என்று கெஞ்சியவளே நான்தான். அடுப்படி, கடைத்தெரு, களம்பூர் பஸ் எல்லாவற்றுக்கும் மதி என் இடுப்பில்தான். "தொட வீங்கிக்கினா எப்டிங்க தூக்கறது? பின்னால போடுங்களேன்."

கிளினிக் நர்ஸம்மா முறைத்தார். "தொடையிலதாம்மா போடணும். பின்னால போட்டா கொழுப்புல நின்னுக்கும், மருந்து சரியா வேல செய்யாது."

விட்டேனா? ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கூத்தாடி ஜெயித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரணியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். போனில் அவள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. வைக்கவே மனம் வரவில்லை.

"அதையே நெனச்சிகினு ஏன்டி பேஜாராவுற? ஜல்தி போயி உண்மையச் சொல்லு" என்றாள்.

மறுநாள் போய்ச் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் ஊரில் இருப்பதுபோல் இருந்திருக்கும்.

"அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னொன்று போட்டு, பிறகு ரத்தம் பார்ப்போம்" என்றார். மதியின் கையில் ஊசி இறங்கியது.

அழுதுகொண்டே வெளியே வந்த மதியை அந்த அறையில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. டிராமில் எல்லோரும் பார்க்க, ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். ஜெர்மனி ஊசி போட்ட கை என் தோளில் கிடந்தது. ஆரணி ஊசி போட்ட இடத்தை என் கை தாங்கியிருந்தது.

"எங்கடி வலிக்குது?"

தோளில் கிடந்த கையைக் காட்டினாள். எனக்கு என் கை தாங்கியிருந்த இடம்தான் வலித்தது.