சந்தனப் பொட்டு வைத்த விண்கப்பல்கள்

காசுக்குத்தி போட்டால் சந்திரமண்டலத்துக்கே கூட்டிப் போகிற பெட்டிகளைத் துடைப்பதும் ஒரு தொழில்தான். எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதியாய் வந்து, கூட்டித் துடைக்கக் கிடைத்த தும்புத்தடியைப் பிடித்த என் சக பாவிகளே, நீங்கள் கோப்பை கழுவினீர்கள். நான் டவுன்டவுனில் ஜப்பான்காரக் கொம்பனி ஒன்றின் வீடியோ கேம் கடையில் விண்கப்பல் கழுவினேன்.

முதல் நாள்

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இருட்டு மண்டபம். சுவர் முழுக்கப் பெட்டிகள் எரிந்து, பாடி, வெடித்துக்கொண்டிருந்தன. என் நிழலே ஏழு நிறத்தில் விழுந்தது, நம்பினால் நம்புங்கள். வெளியே சனம் பனிக்குள் வரிசையில் நின்றது. நகரத்தில் எங்களுக்கு மூன்று கடை, இன்னும் முளைக்கும் என்றார்கள். மனேச்சர் மோரி, சின்ன உருவம், நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தார்.

"முதல்முதல் விளையாட வந்த அண்டைக்கு நானும் இப்பிடித்தான் நிண்டனான். ஆனால் நீர் சம்பளத்தோட நிக்கிறீர்."

ஹெலி

வில்லரேப் பகுதியில் என் மேல்வீட்டுக்காரர் கனகண்ணை, குளிருக்கு ஒதுங்க எங்கள் கடைக்கு வருவார். ஒருநாள் புதுப் பெட்டி வந்தது, ஹெலிகொப்டர் சண்டை. யாரோ குத்தியைப் போட்டதும் இரைச்சல் கிளம்பியது. ஊரில் ஆமியின் ஹெலி சுட வந்தால் விழுவதுபோலவே கனகண்ணை நிலத்தில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் யாரென்று பார்த்தால், நான்!

விளையாட வந்த பெடியள் சிரித்தார்கள். மோரி சிரிக்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, ஸ்பீக்கர் வயரைக் குறட்டால் நறுக்கினார். ஹெலி சத்தமில்லாமல் பறந்தது. கனகண்ணை எழும்பிக் கோட்டைத் தட்டிவிட்டு, அந்த அறுந்த வயரையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கையும் இதுக்கொரு வயர் இருந்திருக்கக் கூடாதோ, தம்பி?"

பொட்டு

பேந்து, கொஞ்சக் காலத்தில், ரீவியில் கொழுவி விளையாடுகிற சின்னப் பெட்டி வந்தது. பெடியள் வீட்டிலிருந்தே உலகத்தைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். எங்கள் கடைகளில் ஒன்று பூட்டியாயிற்று. அடுத்தது எது என்று தீர்மானிக்கத் தோக்கியோவிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார் என்றார்கள்.  என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கையில் வேலை இல்லாவிட்டால் கஷ்டம் என்று சட்டத்தரணி வேறு வெருட்டியிருந்தார்.

அவர் வருகிற அன்றைக்குப் பார்த்து ஆயுத பூசை. பெரியவர் பின்னேரம்தானே வருவார் என்று காலையிலேயே எல்லாப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மனுசன் காலையிலேயே வந்து நின்றார். மோரியின் முகம் வெளிறிவிட்டது.

"ஆர் இதுகளை அழுக்காக்கினது?" என்றார் பெரியவர்.

"அழுக்கில்லை ஐயா. சோறு போடுற சாமானுக்கு வருசத்தில ஒருக்கா நன்றி சொல்லுறனாங்கள்," என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். ஒரு பெட்டிக்கு முன்னால் போய், இடுப்பு மடியக் குனிந்தார். தங்கள் நாட்டில் முறிந்த தையல் ஊசிக்கும் இப்படி நன்றி சொல்வார்களாம். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்துகொண்டே போனார். பின்னால் மோரி, அவருக்குப் பின்னால் நான்.  குத்துச்சண்டைப் பெட்டிக்குள் இருந்த பயில்வான் திரும்பக் குனிந்ததை நான் மட்டும்தான் கண்டேன். வாசலில் பெரியவர் நின்றார்.

"எல்லாக் கடையையும் பூட்டத்தான் போறம். இதைக் கடைசியாப் பூட்டுவம்."

ஒரு குத்திக்கு உலகத்தையே காப்பாற்றிய அந்தப் பெட்டிகளுக்குத் தங்களைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றாலும், கடை பூட்டுவதற்குள் என் வழக்கு வென்றுவிட்டது, அதற்குத் தான்தான் காரணமென்று சட்டத்தரணி இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.