காதுக்காரரும் இடது சக்கரமும்

என் அக்கா புருஷனைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர், அவ்வளவுதான். காரைத் திருப்பும்போது 'டக்'கென்று சத்தம் வந்தால், மற்ற மெக்கானிக்குகள் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் ஓட்டுபவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஒரு ரவுண்டு அடிங்க சார்" என்பார். இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். கதவைத் திறந்து இறங்கும்போதே தீர்ப்பு தயாராக இருக்கும்.

பெரும்பாலும் பால் ஜாயிண்ட்தான். சக்கரம் திரும்புவதற்காகக் கீழே இருக்கும் உருண்டை மூட்டு, நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. தேய்ந்தால் தளர்ந்து ஆடும், முதலில் சத்தம் போடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் கழன்றே போகும்.

அவர் சொன்னதை ஜாக்கி போட்டுச் சரிபார்ப்பது எங்கள் பட்டறையில் பெரிய குற்றம். ஒருமுறை நான் அப்படிச் செய்ததற்கு, "ஏன்டா மச்சான், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் என்னோடு டீ குடிக்கவே வரவில்லை. அப்படி ஒரு ரோஷம்! பொய் சொல்லக்கூடாது, இருபது வருஷம் அந்த ரோஷத்துக்கு நியாயமும் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா புலம்பினாள். "கூப்பிட்டா உங்க அத்தான் திரும்பிக்கூட பாக்கறதில்லடா."

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு எந்தப் புருஷன் திரும்பிப் பாக்கறான்?" என்று நான் கிண்டலடித்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைக்கிறார். இடது பக்கம் நின்று பேசினால் சும்மா சிரித்து வைக்கிறார். எந்த வண்டி வந்தாலும் ஒரே தீர்ப்பு: வலது பக்கம். அதெப்படி, எல்லா வண்டிக்கும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பக்கமா கெட்டுப்போகும்? மனுஷனுக்கு இடது காது போய்விட்டது. ஒரு காது மட்டும் இருந்தால் எல்லாச் சத்தமும் அந்தப் பக்கமிருந்து வருவதாகத்தானே தோன்றும்.

நான் வாயைத் திறந்தேனா? இல்லை. பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். "ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தினாத்தான் சார் நல்லது" என்று வண்டிக்காரர்களைச் சம்மதிக்க வைத்து, இரண்டையும் மாற்றிவிடுவேன். சத்தமும் போகும், அவர் பெயரும் நிற்கும். மானத்தைக் காப்பாற்றுகிறேனாம், மடையன்!

அப்போதுதான் அவர் மகள் தன் காரைக் கொண்டுவந்தாள். தையல் கடை வைத்திருப்பவள், சொந்தமாக வாங்கிய முதல் கார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வட்டம் அடித்தார். வலது பக்கம் என்றார்.

"ரெண்டு பக்கமும் மாத்திடலாமா அத்தான்?"

"ஊரான்கிட்ட சொல்ற கதையை என் பொண்ணுகிட்ட சொல்லாத. நல்லா இருக்கற சாமானை எதுக்குடா கழட்டணும்? வலது மட்டும் போடு."

கழற்றிய ஜாயிண்ட்டைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினால்தான் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவு இறுக்கம். அப்படியென்றால் கெட்டது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, இடது பக்கத்தில்.

"எங்கப்பா மாதிரி யாரு மாமா கண்டுபிடிப்பாங்க?" என்று பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருந்தாள். ஜாயிண்ட்டைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "லேசா இன்னும் கேக்குதேப்பா."

"புது சாமான்டா கண்ணு. செட் ஆக நாலு நாள் ஆகும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையை எதால் அடிப்பது? இரண்டு நாள் கழித்து, அவர் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு இடது பக்கத்தையும் மாற்றிவிடலாம் என்பது என் திட்டம்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில், வலது பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் வெளியே மடிந்து, கார் ஒரு சுவரில் போய் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எட்டு மாதமாகியும் ஊசியைப் பிடித்தால் நழுவி விழுகிறது. கடையை மூடிவிட்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"எந்த வீல்டா?" என்றார்.

"இடது, அத்தான்."

"நீ கழட்டினது எப்படி இருந்துச்சு?"

எனக்குப் பொய் வரவில்லை. "இறுக்கமாத்தான் இருந்துச்சு."

"என் காது விஷயம் தெரியுமா உனக்கு?"

"ஒரு வருஷமா."

எழுந்து ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் தெரியும்டா. கழட்டறவன் நீதானே, நான் தப்பாச் சொன்னா உன் கைக்குத் தெரிஞ்சிடும், நீயே வந்து சொல்லிடுவன்னு இருந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. சரி, காது இன்னும் ஏமாத்தலன்னு நினைச்சுக்கிட்டேன்."