கிளிப்பச்சையும் மஞ்சள் வீடும்

அச்சகத்தில் அவருக்குக் கிளிப்பச்சை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர் யாரும் இல்லை. காலண்டருக்கு வரும் மலை, வயல் படங்களுக்கு நிறம் திருத்துவது அவர் வேலை. படம் எடுக்கப் போனவன் நல்ல கோடையில் போய்த் தொலைத்திருப்பான். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். இவர் கம்ப்யூட்டரில் மஞ்சளுக்கான கோட்டைப் பிடித்துப் பச்சைப் பக்கம் இழுப்பார். சொட்டு மழை இல்லாமல் மலை தழைத்துவிடும்.

முதலாளி பின்னால் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியா வரட்டும்யா" என்பார். எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த மனிதருக்குப் போதாது. பச்சையையே பார்த்துப் பார்த்து, வேலை முடிந்து வெளியே வந்தால் வெள்ளைச் சுவரெல்லாம் இவர் கண்ணுக்கு ரோஸ் நிறமாகத் தெரியும்.

மனைவிக்குச் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. நாளெல்லாம் நின்று கால் இரண்டும் வீங்கிப்போகும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது எதிர்ச் சுவரில் காலண்டர். அதில் ஊர்ப் பெயரோடு ஒரு மலைச்சரிவு, சரிவில் கிளிப்பச்சையாய் ஒரு குட்டி வீடு, வாசலில் நாலு படி.

"ஏங்க, ஒரு நாள் அந்தப் பச்சை வீட்டுப் படியில கால நீட்டி உக்காரணும். வேற ஒண்ணுமே கேக்கல."

அவருக்குச் சோறு இறங்காது. ஏனென்றால் அந்த வீடு மஞ்சள். புல்லை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், முதலில் வீட்டைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்து வைக்க வேண்டும். அன்றைக்குக் கை ஓயவே அதை விட்டுவிட்டார். புல்லோடு வீடும் பச்சையாகிவிட்டது. முதலாளி பார்த்துவிட்டு, "அட, வீடும் சேந்து குளுகுளுன்னு இருக்கே!" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

"அங்க குரங்குத் தொல்லை ஜாஸ்தி" என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார்.

"உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். குரங்கு என்னை என்ன பண்ணிடும்?"

ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால், சரிவு மொட்டையாகக் கிடந்தது. பையைத் தோளில் மாட்டியபடி அவள் கேட்டாள்.

"வீடு எங்கங்க?"

அவர் மஞ்சள் வீட்டைக் காட்டினார். அவள் வீட்டைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"உங்க வேலைதானா?"

"அன்னிக்கு ரொம்ப அசந்துட்டேன்."

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா, பாத்திரம் கழுவுறப்ப எதைப் பாப்ப?"

அவள் போய்ப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அதற்குள் கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"பச்சை வீடு எங்கன்னு கேக்கத்தானே வந்தீங்க? இந்த ஊர்லயே கிடையாதும்மா. எவனோ ஒரு புண்ணியவான் காலண்டர்ல போட்டுட்டான். வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிக்குது. அடுத்த வாரம் பச்சையே அடிச்சிடறேன், தொல்லை விட்டுது."

புண்ணியவான் தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்காதீங்கம்மா, மஞ்சளே நல்லாருக்கு" என்றாள் மனைவி. "நாங்க ஒண்ணும் தேடி வரல. கால் வலிக்குது, செத்த உக்காந்துட்டுப் போறோம்."

"அதுக்கென்ன, தாராளமா. அவரு ஏன் தலையத் தொங்கப் போட்டிருக்காரு?"

"அவருக்குக் கண்ணு அசதி."

வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மனைவி இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் வைத்தாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"நீங்களும் உக்காந்து கண்ண மூடுங்க. இங்க ஒண்ணும் திருத்த வேண்டியதில்ல."

அவர் மஞ்சள் சுவரில் சாய்ந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.