ஏரியின் நடுவே ஒரு மாவட்ட எல்லை

வெயிலில் காய்ந்த தார்ப்பாயும் அதன்மேல் என்றைக்கோ சிந்திய டீசலும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அந்த மணத்தில் மூக்கை அழுத்தியபடி, பத்து வயதில், மூன்று நாட்கள் ஒரு படகுவீட்டின் விளிம்பில் குப்புறக் கிடந்து, தண்ணீருக்குள் மாவட்ட எல்லைக்கோட்டைத் தேடியவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வரைபடத்தில் சிவப்பாக இருந்தபடியால் தண்ணீரிலும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஐந்து வயதில் நம்பியிருந்தால் அழகு என்று சொல்லலாம். வகுப்பிலேயே புவியியலில் முதல் பிள்ளையாக இருந்துகொண்டு நம்பியதற்கு வேறு பெயர் உண்டு.

அப்போது நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருந்தோம். எங்கள் அகதி விண்ணப்பத்தை வீட்டில் "அன்ட்ராக்" என்போம். வீட்டில் நான்காவது ஆள்போல அதுவும் எங்களோடு இருந்து, சாப்பாட்டு மேசைப் பேச்சில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு முடிவு வரும்வரை மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வைப்பதென்றால் அலுவலகத்தில் "உர்லாப்ஷைன்" எழுதி வாங்க வேண்டும், அதாவது விடுமுறைச் சீட்டு. சீட்டு பல தடவை கிடைத்தது, விடுமுறைதான் கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு கொலோனில் இரண்டு கலியாணத்துக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் போய்வந்திருந்தோம்.

அப்பாவோடு ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிய ஊவே என்பவர்தான் எங்களை விடுமுறைக்காரர் ஆக்கியவர். நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர். தன் ஊரில் நிலக்கரி தோண்டிய பெரும் பள்ளத்தில் தண்ணீர் விட்டு ஏரியாக்கியிருக்கிறார்கள் என்றும், சுற்றிவர வெறும் மணலும் செங்குத்துச் சரிவுகளும்தான் என்றும், பாலைவனம் பார்க்க ஒருவன் அமெரிக்காவுக்கு ஏன் அலைய வேண்டும் என்றும் சொல்லி, அங்கே சும்மா கிடந்த தன் அண்ணனின் படகுவீட்டில் ஐந்து நாள் போய் இருக்கச் சொன்னார். படகுவீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு வரிசைப் பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் ஒரு தோட்டத்துக் கொட்டிலை ஏற்றிப் பின்னால் தையல் மெஷின் அளவில் ஒரு மோட்டார் பூட்டியிருந்தது.

ஐந்தாவது ரயிலில் ஏறிய பிறகுதான் அப்பா வரைபடத்தை விரித்தார். விரித்தவருடைய முகம் சுருங்கியது. ஏரியின் நடுவால் இரண்டு மாவட்டங்களின் எல்லை ஓடியது. எங்கள் சீட்டில் ஒரு மாவட்டத்தின் பெயர்தான் இருந்தது.

"இஞ்சருங்கோ, தண்ணிக்குமோ வேலி போட்டிருக்கிறாங்கள்?" என்றார் அம்மா.

"வேலி இல்லையெண்டாலும் சட்டம் இருக்கெல்லோ. அங்காலை போய்ப் பிடிபட்டா அன்ட்ராக் அவ்வளவுதான். ஊருக்கு ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

"அங்காலை போற மீனைப் பிடிச்சு அனுப்பினவங்களே?"

அப்பா சிரிக்கவில்லை. "கடுதாசியிலை இருக்கிறவன்தான் மனுசன், மற்றவன் காத்து" என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தின்படியே விண்ணப்பக் கோவை முழுவதையும் அசல் தாள்களோடு எங்களுடன் கொண்டுவந்திருந்தார். வீட்டில் விட்டால் வீடு எரியலாம், கொண்டுவந்தால் படகு தாழலாம் என்று இரண்டு இரவு யோசித்துப் படகைத் தேர்ந்தவர் அவர். கோவையை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, மூடி இறுகப் பொருந்தும் பாத்திரம் அது ஒன்றுதான் என்பதால் சோற்றுப் பானைக்குள் வைத்தார். ஆகவே எங்கள் சோறு பொரிக்கிற தாச்சியில் வெந்தது, அடியில் பிடித்தது, அதையே உண்டோம்.

அப்பா மோட்டாரைப் போட்டு, எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பாதியின் மூலைக்குக் கொண்டுபோய், தண்ணீருக்குள் நின்ற பழைய இரும்புக் குழாய்களில் படகைக் கட்டினார். இந்தக் கரையில் ஒரு சாய்ந்த கம்பத்தையும் எதிரே ஒரு பட்ட மரத்தையும் காட்டி, "இந்த ரெண்டுக்கும் நடுவிலை நூல் கட்டியிருக்கெண்டு நினையுங்கோ" என்றார். நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு புல்கூடக் கிடையாது. மணல் சரிந்து விழும், உயிராபத்து, கால் வைக்காதே என்று கரை நெடுகப் பலகைகள் நின்றன. எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இருந்த கரையில் எவருக்குமே கால்வைக்க அனுமதி இல்லை. நூலுக்கு அந்தப் பக்கமோ பைன் மரங்கள், நிழல், கொடி கட்டிய ஐஸ்கிரீம் கடை, பலகையிலிருந்து குதித்துக் கத்துகிற பிள்ளைகள்.

அம்மா தகரக் கூரையின் கீழ் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தார். நான் கோட்டைத் தேடினேன். அப்பா நூலைக் காவல் காத்தார். ஒரு குடும்பம் ஒன்றாகக் கழிக்கும் விடுமுறை என்று இதைத்தான் சொல்வார்கள் போலும்.

நான்காம் நாள் மத்தியானம் அப்பா கோவையைப் பானையிலிருந்து எடுத்துத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனார். நான் முன்பக்கம் ஊர்ந்து போய்க் கயிற்றின் முடிச்சைப் பிடித்தேன். ஐஸ்கிரீமுக்காக என்று இப்போது சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும். உண்மையில் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கத்தான். நனைந்து இறுகியிருந்த முடிச்சோடு நகம் உடையப் போராடினேன். ஒருவழியாக அது விட்டது. படகு மெல்லத் திரும்பியது, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது, நான் குப்புறக் கிடந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாய்ந்த கம்பத்துக்கும் பட்ட மரத்துக்கும் நேர் நடுவில் தண்ணீர் எந்த நிறத்தில் இருந்ததோ, முன்னாலும் பின்னாலும் அதே நிறத்தில்தான் இருந்தது.

முகத்தில் நிழல் பட்டுத்தான் அப்பா விழித்தார். தலைக்கு மேலே பைன் கிளை. மோட்டார்க் கயிற்றை ஏழெட்டுத் தரம் இழுத்தார், அது இருமியதோடு சரி. அதற்குள் தொப்பி வைத்த ஒருவர் கரையோரமாக எங்களை நோக்கி வந்தார். அப்பா அவசரமாக நீளக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டினார். கோவையை இரண்டு கைகளிலும் ஏந்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, அந்த மனிதர் வாய் திறக்கும் முன்பே, கோப்பை கழுவிய இடத்தில் கற்ற ஜெர்மனில் சொன்னார்: "நான் பிழை. மனைவி பிழையில்லை. பிள்ளை பிழையில்லை."

எங்களை ஏற்றி அனுப்பப்போகிறார்கள், அதைச் செய்தது என் விரல்கள் என்று நினைத்து, நகம் உடைந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

தொப்பிக்காரர் சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார், திருப்பிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். இது குளிக்கிற இடம், மிதவைகளுக்கு உள்ளே படகு வரக்கூடாது என்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, மோட்டாரை ஒரே இழுவையில் உயிர்ப்பித்து, எங்களைத் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து தபால் பெட்டி எங்களுக்குக் கோயிலானது. அந்த ஆள் கட்டாயம் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டிருப்பான் என்று அப்பா நம்பினார்; அப்பா நம்பியதால் நானும் நம்பினேன். தபால்காரரின் மஞ்சள் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பும்போதெல்லாம் நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பேன். கயிறு அவிழ்ந்தது காற்றால் என்றுதான் வீட்டில் முடிவாகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஒன்றரை வருடம் கழித்து முடிவு வந்தது: இந்த நாட்டிலேயே இருக்கலாம். ஏரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்பா அதை மூன்று தரம் படித்தார். நிம்மதியில் அழுதார்தான்; ஆனால் இவ்வளவு பெரிய குற்றத்தை அரசாங்கம் கவனிக்கவே இல்லையே என்று அவருக்குள் சின்ன ஏமாற்றமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

போன கோடையில் அம்மாவை அதே ஏரிக்குக் கூட்டிப்போனேன். அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. படகுவீடுகள் இப்போது கண்ணாடிச் சுவரும் குளியலறையுமாக வரிசையில் நிற்கின்றன, கைபேசியில் பதிந்துகொள்ளலாம். மணற்சரிவில் புல் வளர்த்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. இரண்டு மாவட்டங்களையும் எப்போதோ ஒன்றாக்கிவிட்டார்களாம். மனிதரால் காண முடியாமல் இருந்து, ஒரு மனிதரை முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கவைத்த அந்தக் கோடு, எவருக்கும் தெரியாமலே அழிந்துபோயிருக்கிறது.

ஏரியின் நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, முப்பது வருடப் பாரத்தை இறக்கிவைக்கும் குரலில், அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்தது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். மன்னிப்போ ஒரு துளிக் கண்ணீரோ வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா கச்சான் கடலையைக் கோது உடைத்து வாயில் போட்டார்.

"ஒண்டை அவிட்டா படகு போகுமே? முன்னுக்கொண்டு பின்னுக்கொண்டெண்டு ரெண்டு கயிறெல்லோ கொப்பர் கட்டினவர். பின்கயிறை நான் அவிட்டுப்போட்டு அரை மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருந்தனான். உன்ரை முடிச்சாலைதான் அவ்வளவு நேரம் சுணங்கினது."