வோபேயின் முதுகில் காணாமல் போன பாலங்கள்

என் தம்பி வோபேயைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான். அலமாரியை நகர்த்துவது போல ஆளே முழுசாகத் திரும்புவான். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், என்ன திமிர் பிடித்த மனிதர் என்று நினைப்பார்கள். திமிர் உண்டுதான், நான் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் கழுத்து திரும்பாததற்குக் காரணம் முதுகெலும்பு வாதம். இளவயதிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு முள்ளெலும்பின் முனையிலிருந்து அடுத்ததற்குப் பாலம் கட்டிக்கட்டி, முதுகு முழுவதையும் ஒரே கட்டையாக்கி வைத்திருக்கிறது.

வேலையும் பாலத்தில்தான். வாய்க்காலில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான். தூண்டிலின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டி, காசு போடச் சொல்லிப் படகுக்காரர் மூக்குக்கு நேராகத் தொங்கவிடுவான். சில்லறை இல்லை என்று சொன்னவர்களுக்கு அவனிடம் கிடைக்கும் மரியாதையை இங்கே எழுத முடியாது.

ஆனால் அவன் உயிர் இருப்பது கோடைப் பந்தயத்தில். எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஊருக்கு ஊர் ஒரு ஸ்கூட்சே உண்டு. பெரிய பாய் கட்டிய பழைய சரக்குப் படகு. எங்கள் ஊர்ப் படகின் சுக்கான் வோபேயிடம். அவனுடைய இரட்டைப் பிறவி, சில நிமிஷம் இளைய ஹாயே, ஓரத்தில் நின்று நீளக் கம்பால் ஆழம் பார்த்துக் கத்துவான். மற்ற நாட்களில் ஹாயே பால் லாரி ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே அச்சு. நான் அவர்களுக்கு மூத்தவள், ஃப்ரௌக்யே. சுக்கான் பிடிக்க எனக்கும் தெரியும். கேட்டவர்தான் யாரும் இல்லை.

படகு திரும்பும்போது பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகும். எல்லாரும் குனிவார்கள். வோபேயால் குனிய முடியாது, மண்டியிடுவான். கோயிலில்கூட மண்டியிடாத பிறவி! போன கோடையில் மண்டியிடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கட்டை அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. கரையில் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. கட்டையாகிப்போன முதுகு, விழுந்தால் ஒடிந்துவிடும் என்று டாக்டர் எவெலீன் அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

அன்று சாயங்காலமே என் சமையலறையில் பஞ்சாயத்து வைத்தேன்.

"இந்த வருஷ எக்ஸ்ரேயில ஒரு புள்ளி கூடியிருந்தாலும் சுக்கானை ஹாயேகிட்டக் குடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம்க்கா" என்று உடனே கை கொடுத்தான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பட்டாணி சூப் அடிப்பிடிக்கிற கவலையில் விட்டுவிட்டேன்.

அவன் கணக்கு வேறு. அதுவரை அவன் எக்ஸ்ரேயை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பார்த்து, கழுத்திலும் இடுப்பிலும் முனை முனையாக மதிப்பெண் போடுவார்கள். சுத்தமான முனைக்குப் பூஜ்யம், முழுப் பாலத்துக்கு மூன்று. ஒருவர் எலும்பில் வளர்ந்த முள் என்பதை மற்றவர் வெறும் நிழல் என்பார். வோபே குறைந்த மதிப்பெண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். "பெரிய டாக்டரே கூடலைன்னுட்டார், நீ என்னக்கா பேசுறே?"

அந்த வருஷம் பார்த்து ஆஸ்பத்திரியில் செயற்கை நுண்ணறிவை இறக்கிவிட்டார்கள். எக்ஸ்ரேயைக் கொடுத்தால் அந்த நிரலே ஒவ்வொரு முனையையும் அளந்து நிறம் பூசிவிடும். பழைய படங்களையும் அதே கண்ணால் அளக்கும். டாக்டர் அதைச் சரிபார்ப்பார். அதனோடு பேரம் பேச முடியாது. சேதி தெரிந்ததும் வோபேயின் முகத்தில் ஈயாடவில்லை. நேராகப் போய் ஹாயேயைப் பிடித்தான்.

இந்தப் பேச்சு எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

"டேய், எனக்குப் பதிலா நீ போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வா."

"கொழுப்பா உனக்கு? மாட்டினா?"

"எப்படிடா மாட்டுவே? பேரையும் பிறந்த தேதியையும்தான் கேப்பாங்க. தேதியில பொய்யே இல்லையே! யோசிச்சுக்கோ, நான் இறங்கினா சுக்கான் உன் தலையில. தோத்தா ஊரே உன்னைத்தான் காறித் துப்பும்."

ஹாயேக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கம்பைப் பிடித்துக் கத்துவதில் அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. தோற்றால் அவனை யாரும் திட்டுவதில்லை. வோபேயைப் போல நடக்க அவன் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. பிறந்தநாள் விருந்துகளில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்னும்போது, கழுத்து திரும்பாத வோபேயாக நடித்துக் காட்டுவதுதான் வருஷக்கணக்காக அவன் வேடிக்கை. அப்படியே எக்ஸ்ரே அறைக்குள் போனான். திரும்பச் சொன்னால் ஆளோடு திரும்பினான். படம் எடுத்த பெண் பாவப்பட்டுக் கோட்டு மாட்டிவிட்டாளாம்! அதைச் சொல்லும்போதுகூட அந்தக் கழுதை பல்லை இளித்தான்.

முடிவு கேட்க மூவரும் போனோம். வோபேயால் பின்னால் பார்த்து வண்டி எடுக்க முடியாததால் ஹாயே ஓட்டினான். நான் நடுவராகப் போனேன்.

டாக்டர் எவெலீன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போன வருஷப் படத்துக்கு முப்பத்தொண்ணு. இந்த வருஷத்துக்கு அஞ்சு."

"பார்த்தியாக்கா?" என்று வோபே ஆளோடு என் பக்கம் திரும்பினான். "முதுகுக்குப் போடுற ஊசி நல்லா வேலை செய்யுது."

"ஊசி நல்ல ஊசிதான்" என்றார் டாக்டர். "நானும் மெஷின்தான் உளறுதுன்னு நினைச்சேன். என் கண்ணாலயும் பார்த்துட்டேன். கழுத்துல இருந்த மூணு பாலமும் காணோம். வோபே, நீங்க வேலை பார்க்கிற பாலத்தைத் தூக்கலாம், இறக்கலாம். முதுகுல இருக்கிறது ஒருதரம் இறங்கினா இறங்கினதுதான். எங்கே போச்சு?"

"கரைஞ்சிருக்கும்" என்றான் வோபே. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

டாக்டர் எக்ஸ்ரே அறைக்குப் போன் போட்டார். படம் மாறவில்லை, பெயர் சரி, பிறந்த தேதியும் சரி என்று பதில் வந்தது. பிறந்த தேதி என்ற சொல்லைக் கேட்டதும் ஹாயே இருமினான். நான் அவனைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்திருந்தன. சின்ன வயதில் ஜாம் திருடிவிட்டு நிற்கும்போதும் அதே காதுதான்.

"ஹாயே, எழுந்திருடா."

"எதுக்குக்கா?"

"எழுந்திருன்னா எழுந்திரு. டாக்டரைப் பார்த்துச் சொல்லு. அது யார் முதுகு?"

அவன் வோபேயைப் பார்த்தான். வோபே ஜன்னலைப் பார்த்தான்.

"என்னுதுதான்" என்றான் ஹாயே.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கைப்பையாலேயே இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று போட்டேன். "யார் காதுல பூ சுத்துறீங்க? ஆஸ்பத்திரியில வந்தா உங்க விளையாட்டு?" வோபே தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான், ஹாயேயும் சிரித்தான்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த அஞ்சு யாரோடது?"

நாங்கள் மூவரும் திரைப்பக்கம் திரும்பினோம். இடுப்புப் பக்கத்து முனைகளில் இரண்டு மஞ்சளாகவும் ஒன்று ஆரஞ்சாகவும் மின்னின. நிரலுக்கு எங்கள் குறும்பு தெரியாது. அதனிடம் ஒரு முதுகைக் கொடுத்தோம், அது அளந்து வைத்துவிட்டது.

"ஹாயே, காலையில முதுகு இறுகுமா?"

"கொஞ்சம். அது லாரி ஓட்டுறதால."

"இளக எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு கப் காபி... சில நாள் மூணு. ராத்திரியும் வலியில எழுந்து நடப்பேன். யாருக்குத்தான் டாக்டர் வலி இல்லை?"

வோபேயின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இளவயதில் அவனும் இதைத்தான் சொன்னான், வார்த்தை மாறாமல். அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

"ரத்தம் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும்" என்றார் டாக்டர். "நான் நினைக்கிறது சரின்னா, நோய் மெதுவா வந்திருக்கு, நாமளும் சீக்கிரம் பார்த்துட்டோம். மருந்து இருக்கு. உங்க அண்ணன் மாதிரி ஆகணும்னு விதி ஒண்ணும் இல்லை."

வோபே அன்றே தன் சொந்த முதுகை எக்ஸ்ரே எடுக்கக் கொடுத்தான். முப்பத்திரண்டு. நான் வாயைத் திறக்கும் முன்பே, "சுக்கானை விட்டுட்டேன்க்கா" என்றான். நாலு நாள் சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். ஜெயித்தும் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன். ஹாயே பின்சீட்டில் சுருண்டு கிடந்தான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. முன்சீட்டிலிருந்த வோபேயால் திரும்பித் தம்பியைப் பார்க்க முடியவில்லை. கையை நீட்டி, பின்னால் பார்க்கிற வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்குப் பின்னால் வரும் வண்டி தெரியவில்லை என்று கத்த வாயெடுத்தேன். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே ஓட்டினேன்.

ஹாயே வேண்டவே வேண்டாம் என்றுவிட்டதால் சுக்கான் இப்போது என் கையில். முதல் பந்தயத்திலேயே கடைசியாக வந்தோம், ஊர் என்னைத்தான் காறித் துப்பியது. ஹாயே கம்பைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கத்துகிறான். வோபே கரையில் நின்று எங்கள் இரண்டு பேரையும் திட்டுகிறான்.

டாக்டர் நினைத்தது சரியாகிவிட்டது, ஹாயேக்கும் மருந்து ஆரம்பித்தாயிற்று. ஆஸ்பத்திரியில் எங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். எக்ஸ்ரே அறைப் பெண் பெயர் கேட்பாள், பிறந்த தேதி கேட்பாள். பிறகு, "குனிஞ்சு காலைத் தொடுங்க, அப்பதான் நீங்க ஹாயேன்னு நம்புவேன்" என்பாள். ஹாயே நாட்டியக்காரன் போல வணக்கம் வைத்துவிட்டுக் குனிவான். வோபே ஒவ்வொரு முறையும் கூடவே வந்து வாசலில் நிற்கிறான். தம்பியின் விரல் செருப்பைத் தொடுகிற வரைக்கும் அவன் மூச்சு விடுவதில்லை.