மருத்துவத்துக்கு அடுத்த தெரிவு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாளே எங்கள் தேயிலைத் தோட்டத்து முச்சந்தியில் பதாகை ஏறிவிட்டது. ‘எமது தோட்டத்தின் முதல் டொக்டருக்கு வாழ்த்துகள்’ என்ற வரியின் கீழ் என் தங்கையின் படம். அச்சிடுமுன் வாலிபர் சங்கத்தார் வாசகத்தை என்னிடம் காட்டினார்கள். பத்திரிகையில் செய்தி திருத்துவது என் தொழில். எழுத்துப்பிழை பார்த்தேன், மருத்துவபீடத்தில் சேரத் தேவையான வெட்டுப்புள்ளி இன்னும் வெளியாகவில்லை என்பதைப் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அது வெளியானது. இரண்டாம் தடவை எழுதியும் தங்கை மயிரிழையில் கீழே நின்றாள். அடுத்த தெரிவாகப் போட்டிருந்த பிசியோதெரபி கிடைத்திருந்தது. அதற்குப் பதிந்தால் மருத்துவக் கனவு அத்தோடு சரி. பதியாவிட்டால் கடைசித் தடவையாக இன்னொரு முறை எழுதலாம். அப்போது இதுவாவது கிடைக்குமா என்பதற்கு உறுதியில்லை. முடிவெடுக்க ஒரு வாரம் இருந்தது.

சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்தார்.

“இன்னொரு தடவ எழுதட்டும்ணே. பேனர் வேற போட்டுட்டோம்.”

“பேனருக்காக நான் ஒரு வருஷம் படிக்கணுமா?” உள்ளேயிருந்து தங்கை கேட்டாள்.

“அதுக்கில்ல தங்கச்சி. பிசியோன்னா எண்ண தேச்சி விடுறதுதானே? அதுக்கு எங்க மாமாவே போதும்.”

“ஒங்க மாமா தேச்சித்தான் ஒங்க அத்த மூணு நாளு எந்திரிக்கல!”

அவரே சிரித்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை. அந்த வேலை என்னவென்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. வகுப்பில் சொன்ன வரிசையை அப்படியே விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்.

மறுநாள் அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கொழுந்து பறிக்கும் அம்மா தோள்வலியை வருடக்கணக்காக மாத்திரையில் ஓட்டி வந்தவர். டொக்டர் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கு சிகிச்சை தந்த சிங்களப் பெண்ணுக்குத் தங்கையைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். எப்படிக் கொழுந்து பறிப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். தங்கை அதைத் தமிழில் சொன்னாள்.

“இங்கயா?” என்று அம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வெறும் காற்றில் பறித்தார்.

“அக்கா, முத்தின எல வேணாம், தோட்டத்துத் தொர ஏசுவாரு!” என்றார் காத்திருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் தலையணை உறைக்குள் துவாய்களை அடைத்து, கட்டுத்துணி கட்டி, கொழுந்துப் பையைப் போல அம்மாவின் தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்டாள். மறுபடி பறிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பையில போடுறப்ப எல்லாம் வலது தோள காது வரைக்கும் தூக்குறீங்கம்மா,” என்றாள் தங்கை. மொழிபெயர்க்க அப்போது யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது நானுஓயா வரை தங்கை தன் வலது தோளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, “நாளைக்கு லிந்துலைக்குப் போயி பதிஞ்சிடுவோம்ணே,” என்றாள்.

“இன்னொரு தடவ எழுதலையா?”

“வேணாம். இது எனக்கு வரும்போல இருக்கு.”

லிந்துலையில் கணினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பிசியோவா தங்கச்சி? இந்தக் கழுத்து ரெண்டு மாசமா திரும்புதில்ல. என்ன செய்ய?”

“நாலு வருஷம் பொறுங்க நானா.”

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கட்டுத் தாளை எடுத்துக் கணினித் திரைக்கு அடியில் வைத்தாள். அவர் நிமிர்ந்தார். பதிவுப் பிரதியை வாங்காமலே அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நான்தான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.