ஒருவராவது வேண்டும்

2006-ஆம் ஆண்டு. பாறசாலையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு முண்டியடித்து, கழக்கூட்டத்திலிருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு ஒரு வருஷமாகப் போய்வந்தாள் லிபி. வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. வீட்டில் அம்மா செல்லபாய், சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை வைக்க ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் குறித்துவிட்டாள்.

லிபி எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆஸ்பத்திரிக்கான ஜாவா புரோகிராம். அவசரம் என்றால் டூட்டியில் இருக்கும் டாக்டர்களின் செல்போனுக்குச் செய்தி போக வேண்டும். ஒரு டாக்டரும் இருக்கலாம், ஆறு பேரும் இருக்கலாம். ஜாவாவில் புதிதாக வந்திருந்த '...' என்ற மூன்று புள்ளியைப் போட்டால், செய்தி அனுப்பும் மெத்தட் என்கிற ஒரே கட்டளைத் துண்டு எத்தனை பேரைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கஷ்டம் என்னவென்றால், யாரையுமே கொடுக்காவிட்டாலும் வாங்கிக்கொள்ளும், பிழை என்று முனகக்கூடச் செய்யாது. அதனால் லிபி முதல் டாக்டரைத் தனியாகக் கேட்டு, மிச்சப் பேருக்கு மட்டும் புள்ளி வைத்தாள்; ஒரு டாக்டராவது இல்லாவிட்டால் புரோகிராம் பிழை என்று நின்றுவிடும்.

டீம் லீடர் அனூப் மூக்கைச் சுளித்தான்.

"எதுக்கு பிள்ளே இந்தச் சுத்தல்? எல்லாரையும் அந்தப் புள்ளியில அடைச்சா போதும்லா?"

"யாருமே டூட்டியில இல்லேன்னா என்ன அண்ணே செய்யும்?"

"டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி உண்டுமா? நீ சும்மா இரி."

அன்றைக்கே அதை வெட்டி எறிந்தான். லிபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்த நாளில், தலைமை நர்ஸ் எலிசாள் தானே மவுஸை வாங்கி, டூட்டிக்கு யாரையும் போடாத ஒரு வார்டை அமுக்கினார். 'செய்தி அனுப்பப்பட்டது' என்று திரையில் பச்சையாக வந்தது.

"ஆருக்கு அனுப்பிச்சு மக்களே?" என்றார் எலிசாள்.

ஒருத்தருக்கும் இல்லை. அனூப் சிரித்துக்கொண்டே, "அது லிபி எழுதின பாகம். புது பிள்ளைல்லா, சரியாக்கிரும்" என்றான்.

அதற்குமேல் எந்த மனுஷிக்குத்தான் பொறுக்கும்?

"ஒரு ஆளாவது வேணும்னுதான் நான் எழுதினேன். அண்ணன்தான் வேண்டாம்னு எடுத்தது" என்றாள் லிபி.

எலிசாள் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டி என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமை வந்த கடிதம், நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்திருந்தது. குழுவோடு ஒத்துப்போகத் தெரியவில்லையாம்.

கடிதத்தை நீட்டிய கையோடு அனூப் சொன்னான்: "நீ எழுதின அந்தப் பழைய வரிய திரும்பப் போட்டிரு. திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குக் குடுக்கணும்."

லிபிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தோடேயே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாள்.